மூச்சு வாங்குகிறவர்களும் நடக்க வேண்டும்: கிருஷ்ணகிரி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தமிழ்நாடு முழுக்க வீடு வீடாகப் போகும் ஒரு திட்டம் நம் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கிளம்பியது என்பதில் எங்களுக்கெல்லாம் பெருமை. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பக்கவாதம் வந்து படுத்தவர்களுக்குக் கைகால் பயிற்சி கொடுக்க பிசியோதெரபிஸ்ட் வீடு தேடி வருகிறார். அவர் வருகிற அதே தெருக்களில்தான் நாங்களும் இருக்கிறோம், நாள்பட்ட நுரையீரல் நோயோடு. எங்களையும் அவர் பட்டியலில் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

புது மருந்து கேட்கவில்லை. பெரிய மெஷினும் கேட்கவில்லை. எவ்வளவு நடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும், எப்படி மூச்சு விட வேண்டும் என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அவ்வளவுதான்.

என்னைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். காவேரிப்பட்டணத்தில் விறகடுப்பு மூட்டி, நிப்பட்டு சுட்டு விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவள் நான். தகரக் கொட்டகை, ஒரே வாசல், புகை போக வேறு வழி கிடையாது. பீடி, சிகரெட் வாடையே ஆகாத எனக்கு சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கிப்போகும் நாள்பட்ட நுரையீரல் நோய்) என்று டாக்டர் எழுதிக்கொடுத்தபோது சொந்தக்காரர்கள் நம்பவில்லை. புகை பிடிக்கிற ஆம்பளைகளுக்குத்தானே அது வரும் என்றார்கள். நுரையீரலுக்கு பீடிப் புகை, விறகுப் புகை என்ற பேதமெல்லாம் கிடையாது. வருஷக்கணக்காக உள்ளே போனால் எந்தப் புகையும் மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

என்னைப் போல அடுப்படியில் நோய் வாங்கிய பெண்கள் இந்த மாவட்டத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பர்கூர், ஜெகதேவி பக்கம் கல் அறுக்கும் பட்டறைகளிலும் குவாரிகளிலும் தூசியைத் தின்றே வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கருங்கல்லில் உள்ள சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். வேலையை விட்டு நின்ற பிறகும் அது முற்றிக்கொண்டே போகலாம், குணமாக்க மருந்து கிடையாது. அப்புறம், டி.பி.க்கு முழுசாக மாத்திரை சாப்பிட்டுக் கிருமி ஒழிந்த பிறகும் நுரையீரலில் தழும்பு நின்றுபோய், படியேறினால் மூச்சு வாங்குகிறவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் சி.ஓ.பி.டி.யால் இறந்திருக்கிறார்கள். உயிரைப் பறிக்கும் நோய்களின் வரிசையில் அதற்கு நான்காவது இடம். சுகருக்கும் பிரஷருக்கும் கொடுக்கிற கவனத்தில் கால்வாசியாவது இதற்கும் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

இந்த நோய் வந்தவருக்கு முதலில் கிடைக்கிற அறிவுரை ‘ரெஸ்ட் எடுங்க’ என்பதுதான். எனக்கும் ஒரு கிளினிக்கில் அதைத்தான் சொன்னார்கள். வீட்டிலும் பாசத்தில் அதையே பிடித்துக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தை மருமகள் என் இடுப்பிலிருந்தே வாங்கிக்கொள்வாள். கடைக்குப் பேரன் ஓடுவான். மாடிப்படிப் பக்கம் போனாலே ‘அம்மா, நீ உட்காரு’ என்று ஒரு குரல் வரும். யார் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் உடம்புக்குள் நடப்பது வேறு. நடக்காமல் இருந்தால் தொடைச் சதை கரையும். பலம் போன சதை அதே வேலையைச் செய்யக் கூடுதலாகத் திணறும், அந்தத் திணறல் மூச்சில் வந்து நிற்கும். முந்தின மாதம் தெருமுனையில் வாங்கிய மூச்சு இந்த மாதம் வாசற்படியிலேயே வாங்கும். அதற்குப் பயந்து இன்னும் உட்காருவோம், சதை இன்னும் கரையும். கடைசியில் கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவே வாழ்க்கை முடிந்துபோகும். புகையால் கெட்ட நுரையீரலைத் திருப்பிக் கொண்டுவர முடியாதுதான். உட்கார்ந்தே கெட்ட உடம்பைத் திருப்பலாம்.

அதற்குத்தான் நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது. சி.ஓ.பி.டி.க்கான உலக அளவிலான வழிகாட்டு நெறிகள் எல்லாமே இதை வற்புறுத்துகின்றன. வாரத்துக்கு 2 முறையாவது ஒருவர் மேற்பார்வையில், குறைந்தது 6 முதல் 8 வாரம். நடை, கைகால் சதைக்குப் பலம் தரும் பயிற்சி, மூச்சு விடும் முறை, இன்ஹேலரைச் சரியாக உறிஞ்சும் முறை, நோயைப் பற்றிய விளக்கம் எல்லாம் அதில் அடக்கம். மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பியவருக்கு 4 வாரத்துக்குள் இதைத் தொடங்கினால், அவர் மறுபடியும் அட்மிட் ஆவது குறைகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பயிற்சியால், நுரையீரல் திறனை அளக்க மெஷினில் ஊதிப் பார்க்கும் டெஸ்டில் வரும் எண் பெரிதாக மாறாது. எனக்கும் மாறவில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என் காலால் போய் வருகிறேன். அந்தத் தூரம் எவ்வளவு பெரிது என்பது மூச்சு வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படி ஒரு பயிற்சி இருப்பதே என் மகன் பெங்களூருவில் வேலை பார்ப்பதால்தான் எனக்குத் தெரிய வந்தது. அவன் வீட்டில் தங்கி, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்டேன். ஊரில் எத்தனை பேருக்கு அந்த வசதி இருக்கும்? தேன்கனிக்கோட்டை மலைக் கிராமத்திலிருந்து ஒருவர் வாரம் 2 முறை பெங்களூருவுக்கு எப்படிப் போவார்? அதனால்தான் அங்கே நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் ஊரில் செய்ய முடியாதது அதில் எதுவுமே இல்லை என்பது படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் ஒரு நீளமான வராந்தாவில் நடக்கவிட்டார்கள். 30 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. ஆறு நிமிஷத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறதோ அவ்வளவு. நடுவில் நிற்கலாம், சுவரில் சாய்ந்துகொள்ளலாம், கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். விரலில், ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். பிசியோதெரபி பார்த்த பெண் ஒரு நோட்டோடு சுவரோரம் நின்று, ஒவ்வொரு நிமிஷமும் ‘நல்லா போறீங்கம்மா, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் நாற்காலியில் உட்காரவைத்து, 0 முதல் 10 வரை எழுதிய அட்டையை நீட்டினாள். 0 என்றால் மூச்சு வாங்கவே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் தாங்காது. ‘இப்ப எதுலம்மா இருக்கீங்க?’ என்று கேட்டு, நான் காட்டிய எண்ணைக் குறித்துக்கொண்டாள். நான் நடந்த தூரத்தை வைத்து என் வேகத்தைக் கணக்குப் போட்டு, அதில் 80 சதவீத வேகத்தில் பயிற்சியைத் தொடங்கினாள். ஒரு வராந்தா, ஒரு நாற்காலி, ஒரு வாட்ச், ஒரு அட்டை, விரலில் மாட்டும் சின்னக் கருவி. இதற்கு மேல் அந்த டெஸ்டுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

தினப்படி நடைக்கும் அதே அட்டைதான் அளவு. 3, 4 என்ற இடத்தில் இருக்க வேண்டும். அதாவது மூச்சு வாங்க வேண்டும், ஆனால் பக்கத்தில் வருகிறவரிடம் சின்ன வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். 6ஐத் தாண்டினால் நிற்க வேண்டும். மூச்சு வாங்குவதே ஆபத்து என்று நினைத்துப் பயந்த எனக்கு, ஓரளவு வாங்கினால்தான் பயிற்சி என்பதை அந்த அட்டைதான் புரியவைத்தது. தொடர்ந்து நடக்க முடியாதவர்களை இரண்டு நிமிஷம் நடக்கவிட்டு ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள். மொத்தமாக 20, 30 நிமிஷம் சேர்ந்தால் போதும். அதுவும் முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தார்கள். கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். கையை மேலே தூக்கிச் செய்யும் வேலைதான் எங்களுக்கு ரொம்பக் கஷ்டம். கொடியில் துணி காயப்போடும்போது வாங்குகிற மூச்சு நடக்கும்போதுகூட வாங்காது. தோளையும் மார்பையும் சேர்ந்த சில சதைகள் எங்களுக்கு மூச்சிழுக்கவும் உதவிக்கொண்டிருக்கும். கையைத் தூக்கினால் அவை இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கும். அதனால்தான் கைப் பயிற்சியும் சேர்த்தே தருகிறார்கள்.

மூச்சு விடும் முறையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எங்கள் நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் சிரமம். சுருங்கின குழாய்கள் மூச்சை விடும்போது மூடிக்கொள்ளும், பழைய காற்று உள்ளேயே தங்கும். வேகமாக நடந்து வேகமாக மூச்சு விட்டால் அது இன்னும் சேரும், அப்புறம் புதுக் காற்றுக்கு உள்ளே இடம் இருக்காது. அதற்கு ஒரு வழி: மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வெளியே விடுவது. அடுப்பு ஊதியே பழகிய நம் பெண்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம், ஊதாங்குழலுக்குக் குவிக்கிற அதே உதடு. ஆனால் பலம் கொடுத்து ஊதக் கூடாது, காற்று தானாகப் போக வேண்டும். உதடு குவிந்திருப்பதால் உள்ளே லேசான அழுத்தம் நின்று குழாய்கள் சீக்கிரம் மூடாமல் இருக்கும். ரொம்ப முட்டும்போது உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, இரண்டு முழங்கையையும் தொடையில் ஊன்றி இப்படி ஊதினால் கொஞ்ச நேரத்தில் அடங்கும். நின்றுகொண்டிருந்தால் சுவரையோ சைக்கிள் சீட்டையோ பிடித்துக்கொண்டு சாயலாம். குடம் தூக்கும்போது, படியில் கால் வைக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. பலம் போடுகிற நொடியில்தான் மூச்சை விட வேண்டும்.

டி.வி.யிலும் செல்போனிலும் பார்த்துவிட்டு, மூச்சை உள்ளே நிறுத்திவைக்கும் பயிற்சியையும் வயிற்றை உதறி வேகவேகமாக ஊதும் பயிற்சியையும் இந்த நோயோடு செய்கிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். யோகா நல்லதுதான். இந்த இரண்டையும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டும். ‘யாராவது’ என்று நான் எழுதுவது உங்கள் சுகாதாரப் பணியாளர்களைத்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் அலட்சியம் கூடாது. அதனால்தான் ஆளில்லாமல் ‘நடங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதையும் நான் கேட்கவில்லை. பயிற்சி தொடங்கும் முன் டாக்டர் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இருமலும் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் டி.பி. இல்லை என்று சளி டெஸ்டில் உறுதி செய்துகொள்ள வேண்டும். டாக்டர் சொல்லியிருந்தால், நடைக்கு 10, 15 நிமிஷம் முன்னால் மூச்சுக்குழாயை விரிக்கும் இன்ஹேலரை எடுக்க வேண்டும், நடக்கும்போதும் அது இடுப்பிலோ பையிலோ இருக்க வேண்டும். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது போக வேண்டும், வயிறு முட்ட களி சாப்பிட்டுவிட்டு நடந்தால் மூச்சுக்கு இடமே இருக்காது. நடக்கும்போது ஆக்ஸிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நின்றுவிட வேண்டும். கை சில்லிட்டிருந்தால் கருவி தப்பாகக் காட்டும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். வீட்டில் ஆக்ஸிஜன் வைத்திருப்பவர்கள் மூச்சு முட்டுகிறதே என்று தாங்களாகவே அளவைக் கூட்டக் கூடாது, சிலருக்கு அதனால் கரியமில வாயு உடம்பில் சேர்ந்துவிடும். சளி அதிகமானால், அதன் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், உதடு நீலமாவது, உட்கார்ந்த பிறகும் அடங்காத மூச்சு, இதில் எது வந்தாலும் 108ஐக் கூப்பிட வேண்டும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து, மாத்திரை கொடுக்கும்போது சேர்த்துக் கொடுக்கலாம். எல்லைப்புறத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்கள் நிறைய, அவர்களுக்கு அவரவர் மொழியிலும் வேண்டும்.

அடுத்தது, எங்கே நடப்பது? 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தார்கள். நல்ல முயற்சி, குறை சொல்லவில்லை. ஆனால் 100 மீட்டரில் நின்று தூணைப் பிடிக்கிற எங்களுக்கு 8 கிலோமீட்டர் என்ற பலகையைப் பார்த்தாலே மலைப்பு. எங்களுக்குத் தேவை சமதளம், நிழல், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒவ்வொரு பெஞ்ச், பக்கத்தில் கழிப்பறை. அதோடு, நெடுஞ்சாலையை ஒட்டியதாக இருக்கக் கூடாது. சென்னை - பெங்களூரு சாலையில் கல் லாரிகளும் கன்டெய்னர்களும் போகிற ஓரத்தில் நடந்தால் நன்மையைவிடக் கெடுதல்தான் அதிகம். ஊருக்கு ஊர் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் எங்களுக்குக் கேட்டைத் திறந்துவிட்டால் போதும்.

நேரத்தையும் யோசிக்க வேண்டும். வாக்கிங் என்றாலே விடியற்காலை என்று எல்லாரும் பழகியிருக்கிறார்கள். ஓசூர், தளி பக்கம் மார்கழி விடியலில் பனி எப்படி இறங்கும் என்று உங்களுக்கே தெரியும். குளிர்ந்த காற்று எங்கள் மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். அடுப்பு மூட்டும் நேரமும் அதுதான், தெருக் குப்பையைக் கொளுத்தும் நேரமும் அதுதான், பனியில் அந்தப் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். குளிர்காலத்தில் வெயில் ஏறிய பிறகு நடப்பதுதான் சரி, கோடையில் சாயங்காலம். போகி அன்று வீட்டுக்குள்ளேயே நாற்காலிப் பயிற்சி. மாந்தோப்புக்காரர்கள் பூவுக்கு மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பக்கமே போகக் கூடாது. மருந்து அடிப்பதை முந்தின நாளே ஊருக்குள் சொல்லும் வழக்கத்தை ஊராட்சிகள் கொண்டுவந்தால் எங்களுக்குப் பெரிய உதவி. குப்பை கொளுத்துவதை நிறுத்துவதும் உங்கள் ஓர் உத்தரவில் இருக்கிறது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐம்பது, அறுபது வயதுப் பெண் ரோட்டில் கையை வீசி நடந்து, நடுவில் நின்று உதட்டைக் குவித்து ஊதினால் நாலு பேர் பார்ப்பார்கள். அந்தக் கூச்சத்திலேயே பாதிப் பேர் வர மாட்டார்கள். அவர்களுக்கு மகளிர் சுய உதவிக் குழுக்கள் கூடும் இடத்தில், மதிய வேலை முடிந்த நேரத்தில், குழுவாக வைத்தால் வருவார்கள். பெங்களூருவிலும் நான் தொடர்ந்து போனதற்குக் காரணம் கூட வந்த பெண்கள்தான். ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்கள் போன் போட்டுக் கேட்பார்கள்.

இன்னொன்று, கேஸ் சிலிண்டர் வாங்க முடியாமல் மறுபடியும் விறகுக்குப் போன வீடுகள் நிறைய. வெந்நீருக்கு மட்டும்தானே என்று தினம் மூட்டுகிற அடுப்பும் அடுப்புதான். பயிற்சி கொடுத்து அனுப்பும் வீட்டில் புகை நின்றதா என்று பணியாளர் ஒரு எட்டு எட்டிப் பார்க்க வேண்டும்.

எங்கள் கோரிக்கை இதுதான். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிசியோதெரபிஸ்டுகளுக்கு நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியைக் கற்றுக்கொடுங்கள். 2022இல் திறந்த கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்குள்ள நெஞ்சக நோய் மருத்துவர்கள் பாடம் எடுக்கலாம். வட்டாரத்துக்கு ஓர் இடத்தில் வாரம் 2 நாள் வகுப்பு வையுங்கள், நடக்கவே முடியாதவர்களை மட்டும் வீட்டில் போய்ப் பாருங்கள். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் தாலுகா ஆஸ்பத்திரிகள் வரைக்கும் வரட்டும், கல் பட்டறைத் தொழிலாளர்களுக்கு அதை வருஷம் ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். மூச்சுத் திணறலுக்காக அட்மிட் ஆகி டிஸ்சார்ஜ் ஆகிறவர் சீட்டில், எந்த ஊரில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வகுப்பு என்று எழுதிக் கையில் கொடுங்கள். ‘உடற்பயிற்சி செய்யவும்’ என்று மட்டும் எழுதினால் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதை மாவட்டம் முழுக்க ஒரே நாளில் தொடங்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். சாமனப்பள்ளியில் தொடங்கியதைப் போல ஏதாவது ஓர் ஊரில் தொடங்குங்கள். காவேரிப்பட்டணம் என்றால் எங்கள் மகளிர் குழுக் கூடம் செவ்வாயும் வெள்ளியும் மதியத்துக்கு மேல் காலியாகத்தான் இருக்கிறது. நாற்காலிகள் இருக்கின்றன. உள்ளே 30 மீட்டர் வராது, வெளியே வேப்பமரத்தடி வரைக்கும் கோடு போட்டால் வரும். கூட்டி, தண்ணீர் தெளித்து, தூசி அடங்கவைக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீடு வீடாகப் போய் ஆட்களைக் கூட்டி வருவதையும் நாங்களே செய்கிறோம். சொல்லிக்கொடுக்கிறவரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு நுரையீரல் நோயாளி